சமுகமளித்தோர்

லாங்கெந்தாலில் மார்கழியில்
நாலரைக்கே இருட்டிவிடும்.
வாடகை மண்டபத்தின் திறப்பு
ஐந்து மணிவரைதான் எங்களிடம்.
அதற்குள் சபையின் விழுமியங்களை
எழுதி முடிக்க வேண்டும்.
சுவரில் மாட்டப் பலகைக்கு ஓடர் கொடுத்தாயிற்று;
எழுத்துக்கு இவ்வளவு என்று காசு,
ஆகவே சுருக்கமான சொற்கள் என்றார்
பொருளாளர் அருமைச்செல்வம்.

என் கையெழுத்து வடிவு என்பதால்
குறிப்பெடுக்கிற வேலை எனக்கு.

அன்பு. அதில் தகராறில்லை.
உண்மை. தலைகள் ஆடின.
விருந்தோம்பல் என்றாள் றொசலின்,
கட்லட் பொரித்த மணம் சேலையை விட்டு இன்னும் போகாமல்.
ஐக்கியத்துக்கு அரைமணி நேரம் போனது,
பேர்ண் சபையோடு போன வருடம் பிரிந்தது
யாருடைய பிழை என்று.
பிறகு போதகர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
மன்னிப்பு என்றார்.
எழுதினேன். னகரச் சுழிகள் இரண்டும்
வடிவாக விழுந்தன.

யன்னலுக்கு வெளியே,
சைக்கிள் கொட்டகைப் பக்கம்,
சாம்பல் நிற ஒப்பல்.
உள்ளே நேசராசா.
மனைவியை இறக்கிவிட்டு
ஆராதனை முடியுமட்டும் அங்கேதான் இருப்பார்,
மூன்று வருடமாக.
சீட்டுப் பிடித்தார். சீட்டு முறிந்தது.
பதினான்கு குடும்பம்.
வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை.
முறிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு
அவர் இருந்த வரிசை எழும்பி
அடுத்த வரிசைக்குப் போனது, அவ்வளவுதான்.

நானும் எழும்பினேன்.
மூவாயிரத்து எண்ணூறு பிராங்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நீராவிக்குள்
பச்சைத் துணிகளை
மடித்து மடித்துச் சேர்த்தது.
ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில்
கடன் என்ற சொல் வருகிற இடத்தில்
எனக்கு இருமல் வரும்.
அதுவும் மூன்று வருடமாக.

தேத்தண்ணி இடைவேளையில்
ஒரு கோப்பையோடு ஏன் வெளியே போனேன், தெரியாது.
எஞ்சினை நிறுத்தியிருந்தார்.
கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
எங்கோ ஓடிக்கொண்டிருப்பவர் போல இருந்தார்.
கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.
கோப்பை நுழையவில்லை.
பிறகு முழுக்க இறக்கினார்.

"என்ன கூட்டம்?"
வாசித்துக் காட்டினேன், ஐந்து சொல்லையும்.
ஐந்தாவதில் தொண்டை அடைத்தது.
குளிர்தான்.

"பதினொரு பேருக்குக் குடுத்திட்டன் அக்கா.
மிச்சம் மூண்டு.
உங்களைக் கடைசியா வைச்சிருக்கிறன்."
"ஏன் நான் கடைசி?"
"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

கேட்காதது பொறுமையால் அல்ல.
கேட்டால் முகம் பார்க்க வேண்டி வருமே,
அதனால்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
காசை விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை;
விடவில்லை.
"உள்ள ஹீட்டர் போட்டிருக்கு" என்றேன்.
"பாப்பம்" என்றார்.
குடித்து முடித்ததும் கதவைத் திறந்து
நிலத்தில் கிடந்த பனியை ஒரு பிடி அள்ளி
கோப்பையின் உட்புறம் தேய்த்து
சட்டை நுனியால் துடைத்துத் தந்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம்.
மண்டபக்காரர் ரீசர்
திறப்புக்கொத்தோடு வாசலில்.
விழுமியங்கள் ஏகமனதாக ஏற்கப்பட்டன.
கதிரைகளை அடுக்கினோம்,
நிலம் கூட்டினோம்,
குப்பைப் பையில் கட்டண ஸ்டிக்கர் ஒட்டினோம்.
சமுகமளித்தோர் என்ற இடத்தில்
நாற்பத்திரண்டு என்று எழுதி,
வெட்டி,
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அருமைச்செல்வம் கேட்பார்,
எண்ணத் தெரியாதா உங்களுக்கு என்று.

தெரியும்.
மூவாயிரத்து எண்ணூறு மட்டும்
ஒவ்வொன்றாய் எண்ணியவள் நான்.